செராமிக் கரி அடுப்பு வாங்கியாச்சா? முதல் தீ மூட்டும் முன்...

மொட்டை மாடி மூலையில் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு பச்சை முட்டை உட்கார்ந்திருக்கிறதா? அமெரிக்காவில் இருக்கும் மகனோ, ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பியோ 'இதில் சமைத்தால் ருசியே தனி' என்று சொல்லி வாங்க வைத்திருப்பார். ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கும் பணம் செலவாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சமையல் பொறுப்பை வீட்டு ஆண்கள் தாமாக முன்வந்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த அடுப்பை வரவேற்கலாம்!

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். கேஸ் அடுப்பு மாதிரி குமிழைத் திருப்பியதும் ஏறி, திருப்பியதும் இறங்குகிற தீ இல்லை இது. கரியின் தீ. பழகாதவர்கள் கையில் இரண்டு விதமாகச் சோதிக்கும். ஒன்று, சூடு கட்டுக்கடங்காமல் ஏறிக் கோழி வெளியே கருகி உள்ளே ரத்தத்தோடு இருக்கும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு உயிருக்கே உலை வைக்கும். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

'சித்த வைத்தியருக்கு அடுப்பில் என்ன வேலை?' என்று கேட்பீர்கள். எங்கள் மருந்துகளில் பாதி அடுப்படியில் பிறந்தவைதானே! அதையும் சொல்கிறேன்.

இது என்ன அடுப்பு?

இந்த அடுப்பின் பூர்வீகம் ஜப்பான். அங்கே 'கமாடோ' என்றால் அடுப்பு என்றே பொருள். மூடி போட்ட மண் அடுப்பில் சோறு வேகவைப்பது அவர்கள் பழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்க ராணுவத்தினர் சிலர் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். 1974-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் தொடங்கிய 'பிக் கிரீன் எக்' நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. பழைய மண் அடுப்பு அதிகச் சூட்டில் விரிசல் விட்டது. அதற்குப் பதிலாகச் சூட்டைத் தாங்கும் கனமான செராமிக் வந்தது. இன்று பல நிறுவனங்கள் இதே வடிவில் தயாரிக்கின்றன.

நம் பாட்டிமார் வைத்திருந்த குமுட்டி அடுப்பு நினைவிருக்கிறதா? கீழே சிறு வாசல், நடுவே சல்லடை, மேலே கரி. கீழ் வாசலுக்கு நேரே விசிறினால் கரி கனியும். செராமிக் அடுப்பும் அடிப்படையில் குமுட்டிதான். வித்தியாசம் இரண்டு. ஒன்று, இதற்குக் கனமான மூடி உண்டு; மூடியின் உச்சியில் புகைபோக்கி வாசல் ஒன்று உண்டு. இரண்டு, இதன் சுவர் தடிமனானது. குமுட்டியில் பாதிச் சூடு காற்றோடு போய்விடும். இதில் சூடு சுவருக்குள் ஏறி, அங்கிருந்து நாலாபுறமும் உணவின் மீது படும். அதனால்தான் கொஞ்சம் கரியில் பல மணி நேரம் சமைக்க முடிகிறது.

ஆக, கீழ் வாசல், மேல் வாசல் என்ற இரண்டுதான் இந்த அடுப்பின் குமிழ்கள். கரி எவ்வளவு இருந்தாலும், உள்ளே போகும் காற்று எவ்வளவோ அவ்வளவுதான் தீ. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம்... அது வெளியேதான்!

கனிந்த கரியைப் பாருங்கள். புகை இருக்காது, வாசனை இருக்காது, சிவப்பாக அழகாக இருக்கும். 'புகையே இல்லையே, பால்கனியில் வைத்தால் என்ன?' என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. கனிந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வதைவிட இது 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் பிராணவாயு போய்ச் சேராது.

மலைவாசஸ்தலங்களுக்குச் சுற்றுலா போனவர்கள் இரவில் கோழி சுட்டுவிட்டு, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, மறுநாள் எழுந்திருக்காமலே போன செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அவர்கள் யாரும் தீயில் கருகவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

எனவே கரி அடுப்பு நாலாபுறமும் காற்றோட்டம் உள்ள திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். மொட்டை மாடி, தோட்டம், திறந்த முற்றம் சரி. கண்ணாடி போட்ட பால்கனி, கார் ஷெட், மாடிப்படி முடியும் இடத்தில் உள்ள சிறு அறை, சமையலறைச் சிம்னிக்குக் கீழே... எதுவும் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும், ஃபேன் போட்டாலும் போதாது.

நம் ஊரில் இன்னொரு சோதனை உண்டு. பாதிச் சமையலில் மழை வந்துவிடும்! உடனே அடுப்பை உள்ளே இழுக்கத் தோன்றும். வேண்டாம். உணவை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாசலையும் அடையுங்கள், மேல் மூடியைப் போடுங்கள், நீங்கள் மட்டும் உள்ளே வாருங்கள். அடுப்பு அங்கேயே இருக்கட்டும்.

அடுப்பின் அருகே நின்ற யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் வந்தால் உடனே தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, '98 காட்டுதே, ஒன்றுமில்லை' என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த விஷவாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சுக்குக் கஷாயம், எலுமிச்சைச் சாறு என்று கை வைத்தியம் பார்க்கிற விஷயமும் இது இல்லை. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

இடத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. நடுத்தர அளவு அடுப்பே 50 கிலோவை ஒட்டி இருக்கும். அதற்கென உள்ள இரும்புத் தாங்கியில் வையுங்கள். மர மேஜை மீது நேரடியாக வைத்தால் மேஜை கருகும். துணிக்கொடி, பச்சை வலைப் பந்தல், கேஸ் சிலிண்டர் இவற்றிலிருந்து விலகி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் அவசியம். தண்ணீர் வாளி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நைலான் புடவை, தொளதொள சட்டையோடு அருகே போகாதீர்கள். பருத்தி உடைதான் நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேல் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கலாம்.

எந்தக் கரி?

துண்டுகளாக உள்ள மரக்கரிதான் இந்த அடுப்புக்கு ஏற்றது. நம் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி தாராளமாகக் கிடைக்கிறது. இஸ்திரிக் கடைக்காரர் பயன்படுத்துவது மாதிரியான கரிதான். கொட்டாங்கச்சிக் கரியும் நல்லது. மாவாக இடித்து அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளில் சாம்பல் அதிகம். அது அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

மூட்டையைப் பிரித்ததும் தூளை ஒதுக்கிவிட்டு, கோழிமுட்டை முதல் கைமுஷ்டி அளவுள்ள துண்டுகளைப் பொறுக்கி வையுங்கள். பெரிய துண்டுகள் அடியில், சின்னவை மேலே. நடுவில் காற்று போக வழி இருக்க வேண்டும். மழையில் நனைந்த கரி புகைந்து தள்ளும். அதை வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள்.

பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு, பழைய பேக்கிங் பெட்டி எதையும் போடக்கூடாது. அதன் புகை உணவில் ஏறும். 'வாசனைக்கு ஒரு குச்சி போடுவோம்' என்று தோட்டத்து அரளிக்குச்சியை ஒடித்துப் போட்டுவிடாதீர்கள். அரளி முழுக்க விஷம். எருக்கும் ஆகாது. கொய்யாக் கிளை கிடைத்தால் நன்றாக உலர்த்திய சிறு துண்டு ஒன்று போதும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது! தீ முகத்தில் அடிக்கும் ஆபத்து ஒரு பக்கம். செராமிக் சுவர் அந்த நாற்றத்தைக் குடித்துவிட்டு அடுத்தடுத்த சமையலில் கக்கும் என்பது இன்னொரு பக்கம். சமையல் எண்ணெயில் லேசாக நனைத்த பஞ்சு, அல்லது காய்ந்த தேங்காய் நார் ஒரு பிடி. அவ்வளவுதான் வேண்டும்.

முதல் தீ: சமையலே இல்லை!

புது மண்சட்டி வாங்கினால் அன்றைக்கே குழம்பு வைப்போமா? தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கஞ்சி காய்ச்சி, பழக்கிய பிறகுதானே வைப்போம்? இந்த அடுப்பையும் பழக்க வேண்டும். ஆனால் முறை நேர்மாறு. இதை ஊறவைக்கக்கூடாது; உலர்த்த வேண்டும். சுவரின் நுண்துளைகளில் ஈரம் இருந்து, முதல் நாளே தீயை உக்கிரமாக ஏற்றினால், அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி விரிசல் விடலாம். மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் ஃபெல்ட் பட்டை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை இறுகவும் முதல் சில தீ மிதமாக இருக்க வேண்டும்.

சீலைமண் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மருந்தை அகலில் வைத்து, மேலே இன்னோர் அகலால் மூடி, இணைப்பைச் சுற்றி மண் பூசிய துணியை ஒட்டிக் காயவைப்போம். காய்ந்த பிறகே புடத்தில் வைப்போம். ஈரம் காயாமல் தீயில் வைத்தால் மண் வெடிக்கும், மருந்தும் போகும். உங்கள் அடுப்பின் ஃபெல்ட் பட்டையும் ஒருவகைச் சீலைமண்தான்.

முறை இதுதான்:

1. உள்ளே உள்ள தீக்கிண்ணத்தின் வாசல், அடுப்பின் கீழ் வாசலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் தாங்கும் இரும்புப் பட்டையின் திருகுகள் இறுக்கமாக இருக்கட்டும். மூடி கனமானது, நழுவினால் கை போகும்.

2. தீக்கிண்ணத்தில் பாதிக்குக் கரி போடுங்கள். நடுவில் எண்ணெய்ப் பஞ்சை வைத்துப் பற்றவையுங்கள். ஓர் இடத்தில் மட்டும் பற்றவைத்தால் போதும்.

3. கீழ் வாசல் முழுக்கத் திறந்திருக்க, மூடியும் திறந்திருக்க, 10 நிமிடம் விடுங்கள். நாலைந்து துண்டு கனிந்ததும் மூடியை மூடுங்கள். மேல் வாசல் திறந்தே இருக்கட்டும்.

4. மூடியில் உள்ள வெப்பமானி 90 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இரண்டு வாசலையும் விரல் அகலத்துக்குக் குறையுங்கள். 100 முதல் 120-க்குள் அரை மணி நேரம் நிற்கட்டும். வெப்பமானியில் ஃபாரன்ஹீட் கணக்கு மட்டும் இருந்தால் 210 முதல் 250 என்று கொள்ளுங்கள்.

5. பிறகு கொஞ்சம் திறந்து 150 முதல் 170 வரை ஏற்றி, ஒரு மணி நேரம் வைத்திருங்கள். 175-ஐ, அதாவது 350 ஃபாரன்ஹீட்டை, தாண்ட விடாதீர்கள்.

6. இரண்டு வாசலையும் முழுக்க அடைத்துவிட்டு, தானாக ஆறும்வரை விட்டுவிடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் தீயும் இதே மிதத்தில் இருக்கட்டும். அவற்றில் சமைக்கலாம். அடுப்போடு வந்த கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மூன்று வகைத் தீ

சித்த மருந்து செய்முறையில் தீயை மூன்றாகப் பிரிப்போம். விளக்குச் சுடர் போன்ற மெல்லிய தீ தீபாக்கினி. தாமரைப்பூ விரிந்த மாதிரி நடுத்தரமாக எரிவது கமலாக்கினி. காட்டுத்தீ போல் உக்கிரமானது காடாக்கினி. எந்த மருந்துக்கு எந்தத் தீ என்பது கணக்கு. புடம் போடும்போதும் வரட்டிக் கணக்கு உண்டு. வராகப் புடத்துக்கு 50 வரட்டி, கஜபுடத்துக்கு 1000 என்று எண்ணி அடுக்குவோம். மிஞ்சினால் மருந்து கெடும்.

நீங்கள் வாங்கிய அடுப்பையும் இப்படி மூன்றாகப் பழகினால் சுலபம்.

தீபாக்கினி: 110 முதல் 130 டிகிரி. இரண்டு வாசலும் விரல் அகலத்துக்கும் குறைவாக. பெரிய இறைச்சித் துண்டுகளை மணிக்கணக்கில் வாட்டும் தீ. புதியவர்கள் இதைக் கடைசியில் கற்கலாம்.

கமலாக்கினி: 170 முதல் 200 டிகிரி. வாசல்கள் கால்வாசி திறந்திருக்கும். கோழி, மீன், கிழங்கு, கத்திரிக்காய், குடமிளகாய் எல்லாவற்றுக்கும் ஏற்றது. நம் வீட்டுச் சமையலில் பத்தில் ஒன்பதுக்கு இதுவே போதும்.

காடாக்கினி: 250-க்கு மேல். நான், பீட்சா சுடுகிற தீ. அடுப்பு நன்றாகப் பழகிய பிறகு, பட்டையின் பசையும் இறுகிய பிறகு மட்டும்.

வாசல் அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும். நீங்களே ஒரு நோட்டில் 'இவ்வளவு திறந்தால் இவ்வளவு சூடு' என்று குறித்து வையுங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமையில் அடுப்பின் குணம் பிடிபட்டுவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த அடுப்பில் சூட்டை ஏற்றுவது எளிது. இறக்குவது மகா கடினம். சுவர் முழுக்கச் சூடு ஏறிவிட்டால், வாசலை அடைத்தாலும் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதனால் 180 வேண்டுமென்றால் 160-லேயே வாசலைக் குறைக்க ஆரம்பியுங்கள். அது தானாக ஏறி வந்து நிற்கும். வாசலைத் தொட்டதும் முள் நகரவில்லையே என்று மறுபடி மறுபடி திருப்பாதீர்கள். ஒருமுறை மாற்றினால் 10 நிமிடம் காத்திருங்கள்.

கரி பற்றிய புதிதில் கனமான வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையில் உணவை வைத்தால் கசக்கும், கண்ணும் எரியும். புகை மெலிந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்த பிறகே உணவை வையுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

மூடியைத் திறக்கும்போது...

இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே தீ காற்றுக்காகத் தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மூடியைச் சட்டென்று திறந்தால், வெளிக்காற்று பாய்ந்து ஒரு தீப்பந்து முகத்தை நோக்கி எழும்பும். புருவம், முன்முடி கருகுவது இப்படித்தான்.

அதனால் முதலில் மூடியை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் தூக்கி நாலைந்து விநாடி நிறுத்துங்கள். உள்ளே காற்று போகட்டும். இரண்டு முறை இப்படிச் செய்துவிட்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு மெல்லத் திறங்கள். கனமான கையுறை கட்டாயம். குழந்தைகள் அடுப்பைச் சுற்றி ஆறடிக்குள் வரக்கூடாது. ஒரு கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

அடிக்கடி திறந்து பார்ப்பதும் கூடாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் மேல்சூடு வெளியேறும். கரிக்கோ கூடுதல் காற்று கிடைத்துத் தீ பெருகும்.

முதல் சமையல் என்ன?

சைவமோ அசைவமோ, முதலில் காய்கறியில் தொடங்குங்கள். கருகினாலும் நஷ்டமில்லை. கத்திரிக்காயில் எண்ணெய் தடவி, கத்தியால் நாலு இடத்தில் குத்தி, 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தால் தோல் உரிந்து வரும். கொத்சு செய்தால் அபாரமாக இருக்கும். மக்காச்சோளம், குடமிளகாய், பன்னீர், காளான் எல்லாம் கைகொடுக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு தேன் மாதிரி இனிக்கும். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் கவனம்! வேகவைத்த கிழங்கைவிடச் சுட்ட கிழங்கு ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஒரு சிறு துண்டோடு நிறுத்துங்கள்.

அடுத்து கோழி. கரிக்கும் கம்பி வலைக்கும் நடுவே வைக்கும் செராமிக் தட்டு ஒன்று தனியாக விற்கிறார்கள். அதை வைத்தால் நேர்த்தீ படாமல் அவன் மாதிரி வேகும். தொடைத் துண்டுகள் 180 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கோழியின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். கொத்துக்கறிக்கு 71, மீனுக்கு 63. வெளியே பொன்னிறமாக இருப்பதை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. அரைவேக்காட்டுக் கோழியில் சால்மோனெல்லா கிருமி உயிரோடு இருக்கும். ஞாயிறு விருந்து, திங்கட்கிழமை வயிற்றுப்போக்கில் முடியும்.

பச்சை இறைச்சி கொண்டு வந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தட்டு வேறு, இடுக்கி வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த மசாலாவைக் கொதிக்க வைக்காமல் மேலே ஊற்றாதீர்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் கோடையில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

கருகல்... ருசியா, கேடா?

'அந்தக் கருகல்தானே டாக்டர் ருசியே!' என்பார்கள். உண்மைதான். ஆனால் இறைச்சியும் மீனும் மிகுந்த சூட்டில் கருகும்போது சில வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. கொழுப்பு கரியில் சொட்டி, அதன் புகை மறுபடி உணவில் படியும்போது வேறு சில உண்டாகின்றன. இவற்றில் சில புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல், சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்றும், ஆடு, மாடு, பன்றியின் சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. அதற்காக ஒரு நாள் சாப்பிட்டதும் பயந்து சாக வேண்டாம். வாடிக்கையாக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

குறைக்க வழி உண்டு. கொழுப்பை நறுக்கி நீக்குங்கள். தயிர், எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு சேர்த்து ஊறவையுங்கள். இப்படி ஊறவைத்த இறைச்சியில் அந்த வேதிப்பொருட்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மசாலா டப்பாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்! தேன், சர்க்கரை சேர்த்த மசாலா சீக்கிரம் கருகும். கடைசி 5 நிமிடத்தில் தடவுங்கள். கரிந்த பகுதியை வெட்டி எறியுங்கள். காய்கறியில் இந்த இறைச்சி வகை வேதிப்பொருள் உண்டாவதில்லை. எனவே தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும்.

எங்கள் சித்த மருத்துவக் கணக்கில் புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் பித்தத்தைக் கூட்டும் சுவைகள். சுட்ட இறைச்சியில் மூன்றும் தூக்கலாக இருக்கும். கூடவே வெள்ளரி, வெள்ளைப்பூசணிப் பச்சடி வையுங்கள். சாப்பிட்ட பின் குளிர்பானத்துக்குப் பதில் சீரகத் தண்ணீர் குடிக்கலாம். இரவு பத்து மணிக்குச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் மந்தமும் நெஞ்செரிச்சலும் உறுதி. இரவு எட்டுக்குள் முடியுங்கள்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அடுப்பருகே நிற்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடு தாயின் ரத்தம் வழியாகச் சிசுவுக்கும் போகும். இவர்கள் காற்று வரும் திசையில் தள்ளி உட்கார்ந்து, தட்டை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும்.

அணைப்பதில்தான் அனுபவம்

சமையல் முடிந்ததும் இரண்டு வாசலையும் அடைத்துவிடுங்கள். காற்றில்லாமல் கரி தானாக அணையும். மிச்சக் கரியை அடுத்த முறை பயன்படுத்தலாம். தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது! சுட்ட செராமிக் மீது தண்ணீர் பட்டால் விரிசல் விடும். எழும்பும் ஆவி கையை வெந்துவிடும். மணல் வாளி சொன்னது இதற்காகத்தான். அதுவும் வெளியே விழும் நெருப்புத் துண்டுகளுக்கு.

புடம் போட்டால் தானாக ஆறிய பின்தான் எடுப்போம். இங்கும் அதே விதி. சில மணி நேரத்தில் வெளிச்சுவர் ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கங்கு இருக்கலாம். சாம்பலை மறுநாள் அள்ளுங்கள். தகர வாளியில் போட்டு, வெட்டவெளியில் இன்னொரு நாள் வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் நேரே கொட்டினால் கூடை பற்றிக்கொள்ளும். உள்சுவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். சூட்டில் அழுக்கு தானே எரிந்து போகும். மழைக்காலத்தில் உறை போடுங்கள். பல வாரம் நனைந்து கிடந்தால், மறுபடி முதல் தீ மாதிரி மெதுவாக உலர்த்துங்கள்.

கையில் சுட்டுக்கொண்டால்? ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, டூத் பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். முகம், கை மூட்டு, பெரிய கொப்புளம், குழந்தை என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

கத்தரித்து அடுப்பருகே ஒட்டி வையுங்கள்

* அடுப்பு எப்போதும் வெட்டவெளியில். மழை வந்தாலும், அணைத்த பிறகும் உள்ளே கொண்டுவரக் கூடாது.
* முதல் மூன்று தீ 175 டிகிரிக்குள்.
* வேண்டிய சூட்டுக்கு 20 டிகிரி முன்பே வாசலைக் குறைக்கவும்.
* திறக்கும் முன் இரண்டு விரல் அகலம், நாலைந்து விநாடி.
* கோழிக்கு உள்சூடு 74 டிகிரி.
* தண்ணீர் ஊற்றி அணைக்காதே, வாசலை அடை.
* தலைவலி, குமட்டல் என்றால் தூய காற்று, 108.